அகலக்கால் வைக்கலாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு நம் சங்கத்தின் சார்பில் மாணவர் விடுதிக்கும் கணிப்பொறி ஆய்வகத்துக்கும் கம்பியில்லா இணைய வசதி செய்து தருவதென்று முடிவாகியிருக்கிறது. நல்ல முடிவு. செயலாளர் என்னிடம் கொட்டேஷன் காகிதங்களைக் கொடுத்து, "நீங்க தகவல் தொடர்புத் துறையில இருந்தவர். வாங்கறதுக்கு முன்னாடி நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார். படித்துப் பார்த்தேன். எல்லாக் காகிதத்திலும் ஒரே வாசகம்: அகலமான சேனல், அதிவேகம். 80 மெகா ஹெர்ட்ஸ் ஒருவர் போட்டிருந்தால், 160 என்று அடுத்தவர் போட்டிருக்கிறார்.

நம்ம ஊர்ப் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள்: அகலக்கால் வைக்காதே. அலைவரிசை விஷயத்தில் அந்த வார்த்தை எந்த இடத்தில் பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாது என்பதுதான் இன்றைய என் பேச்சு. கணக்கு கொஞ்சம் வரும். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

அகலம் எப்படி வளர்ந்தது?

வானொலி கேட்காதவர்கள் இந்த அரங்கில் யாரும் இருக்க முடியாது. ஒரு பண்பலை நிலையத்தின் பாட்டுக்கும் பேச்சுக்கும் ஏறக்குறைய 200 கிலோ ஹெர்ட்ஸ் அகலம் போதும். 1995-இல் நம் நாட்டுக்கு செல்போன் வந்தபோது ஜி.எஸ்.எம். முறையில் ஒரு தடத்தின் அகலம் அதே 200 கிலோ ஹெர்ட்ஸ். 3 ஜி வந்தபோது அது 5 மெகா ஹெர்ட்ஸ் ஆனது. 4 ஜி-யில் 20 வரை போனது. 2022-இல் 5 ஜி ஏலம் நடந்தபோது பெரிய கம்பெனிகள் 100 மெகா ஹெர்ட்ஸ் துண்டுகளாகவே எடுத்தார்கள்.

வைஃபையின் கதையும் அதேதான். ஆரம்பத்தில் சுமார் 20 மெகா ஹெர்ட்ஸ். 2009-இல் வந்த தரத்தில் இரண்டு தடங்களைச் சேர்த்து 40. 2013-இல் 80, 160. இப்போது வைஃபை 7 என்று விற்பதில் 320 வரை.

ஏன் இந்த ஓட்டம்? 1948-இல் கிளாட் ஷானன் ஒரு சூத்திரம் எழுதினார். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கும். ஒரு தடத்தில் எவ்வளவு செய்தி போகும் என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒன்று தடத்தின் அகலம். இன்னொன்று இரைச்சலை விட சிக்னல் எத்தனை மடங்கு பலமாக இருக்கிறது என்பது. அகலத்தை இரட்டித்தால் செய்தியும் ஏறக்குறைய இரட்டிக்கும். சிக்னல் பலத்தை இரட்டித்தால் சிறிதளவுதான் கூடும். ஆகவே வேகம் வேண்டுமென்றால் அகலப்படுத்து என்பது சரியான யோசனைதான்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஒரே ஆன்டெனா, நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் 20 மெகா ஹெர்ட்ஸ் தடம் விநாடிக்கு 65 மெகாபிட் தரும். அதே தரத்தில் 40-க்குப் போனால் 135, 80-க்குப் போனால் 292. அகலம் நாலு மடங்கு, வேகம் நாலரை மடங்கு. கொட்டேஷனில் எழுதியிருப்பது பொய் இல்லை. ஆனால் அதில் எழுதாமல் விட்டது இரண்டு விஷயம்.

வாய்க்காலும் மோட்டாரும்

முதல் விஷயத்துக்கு நம் வயல்காட்டுக்குப் போவோம். தருமபுரி மாவட்டத்தில் கிணறும் மோட்டாரும் தெரியாத குடும்பம் குறைவு. அஞ்சு ஹெச்.பி. மோட்டார் இறைக்கும் தண்ணீர் ஓர் அளவுதான். ஒரு முழ அகல வாய்க்காலில் விட்டால் கடைமடை வரை ஓடும். அதே தண்ணீரை நாலு முழ அகலத்தில் விட்டால் என்ன ஆகும்? ஆழம் கால்வாசியாகும். பாதி வழியிலேயே மண் குடித்துவிடும்.

அலைக்கும் அப்படித்தான். ரவுட்டர் வெளியிடும் சக்திக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 20 மெகா ஹெர்ட்ஸில் அனுப்பிய அதே சக்தியை 80-இல் பரப்பினால் ஒவ்வொரு மெகா ஹெர்ட்ஸுக்கும் கிடைப்பது கால் பங்கு. வாங்கும் பக்கத்தில் இரைச்சலோ அகலத்துக்குத் தகுந்தபடி கூடும். 20-இல் இயற்கையான வெப்ப இரைச்சல் மைனஸ் 101 டி.பி.எம். என்றால், 40-இல் மைனஸ் 98, 80-இல் மைனஸ் 95, 160-இல் மைனஸ் 92. அகலம் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் 3 டெசிபல் நஷ்டம். 20-லிருந்து 80-க்குப் போனால் 6 டெசிபல்.

ஆறு டெசிபல் என்பது சின்ன விஷயமில்லை. தடையில்லாத வெட்டவெளியில் 6 டெசிபல் என்றால் தூரம் பாதி. 20-இல் 10 கிலோமீட்டர் போகும் இணைப்பு, அதே தரத்தில் 80-இல் 5 கிலோமீட்டர்தான் போகும். விடுதிக் கட்டடத்தில் வெட்டவெளி ஏது? செங்கல் சுவர், கான்கிரீட் தளம், இரும்புப் பீரோ. அங்கே ரவுட்டர் பக்கத்து அறைக்காரனுக்கு 80 ராஜபோகம். வராந்தாக் கடைசி அறைக்காரனுக்கு, 20-இல் தட்டுத் தடுமாறியாவது வந்த சிக்னல் 80-இல் எட்டாமலே போகும். நல்ல கருவிகள் இதைக் கண்டு தானாகவே அகலத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைத்துக்கொண்டால், காசு கொடுத்து வாங்கிய அகலம் அவனுக்கு எதற்கு?

மந்தைவெளிச் சட்டம்

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. அதற்கு ஒரு சட்ட விவரம் தெரிய வேண்டும்.

செல்போன் கம்பெனி ஏலத்தில் எடுத்த அலைவரிசை பட்டா நிலம் மாதிரி. வேறு யாரும் அங்கே கால் வைக்க முடியாது. வைஃபை ஓடுவது பட்டா நிலத்தில் இல்லை, மந்தைவெளிப் புறம்போக்கில். 2005-இல் மத்திய அரசு 2.4 கிகா ஹெர்ட்ஸ் பகுதியில் 83.5 மெகா ஹெர்ட்ஸுக்கு உரிமம் தேவையில்லை என்று விதி வெளியிட்டது. 2018 அக்டோபரில் 5 கிகா ஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகா ஹெர்ட்ஸ் திறந்துவிடப்பட்டது. 2025 மே மாதம் 6 கிகா ஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியில் 500 மெகா ஹெர்ட்ஸுக்கு வரைவு விதிகள் வந்தன.

இந்த விதிகளில் ஒரு வரி உண்டு. அதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மற்றவருக்கு இடையூறு செய்யக் கூடாது. மற்றவரால் இடையூறு வந்தால் பாதுகாப்பும் கேட்க முடியாது. அதாவது, பக்கத்து வீட்டு ரவுட்டர் உங்கள் இணைப்பைக் கெடுத்தால் நீங்கள் எந்த ஆபீசுக்கும் மனு கொடுக்க முடியாது. மந்தைவெளியில் யார் மாடும் மேயலாம். நம்ம மாடு மட்டும் மேய வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

இந்தப் புறம்போக்கு எவ்வளவு பெரிசு? 2.4-இல் ஒன்றின் மேல் ஒன்று படாமல் மூன்றே தடங்கள்: 1, 6, 11. அங்கே 40 மெகா ஹெர்ட்ஸ் வைத்தால் ஒருவரே பாதி மந்தையை வளைத்துப் போட்ட கணக்கு. அதோடு மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத், கம்பியில்லா கேமரா எல்லாம் அதே இடத்தில்தான். 5 கிகா ஹெர்ட்ஸில் இடம் தாராளம். 20 மெகா ஹெர்ட்ஸாகப் பிரித்தால் 25 தடங்கள் வரும். 40 ஆக்கினால் 12. 80 ஆக்கினால் 6. 160 ஆக்கினால் வெறும் 2.

25, 12, 6, 2. இந்த நாலு எண்களை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. அகலத்தைக் கூட்டக் கூட பக்கத்தில் வாழ இடம் குறைகிறது.

நாலு பேர், ஒரே வாய்க்கால்

ஆடி மாதம் இரண்டு தெருவில் ஒரே நேரத்தில் மாரியம்மன் பண்டிகை. இரண்டு கூம்பு ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு பாடினால் நடுவில் இருப்பவனுக்கு இரண்டு பாட்டும் விளங்காது. இதுதான் அலைக் குறுக்கீடு. வைஃபையில் இதைத் தவிர்க்க ஒரு மரியாதை முறை வைத்திருக்கிறார்கள். பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேள். யாராவது பேசினால் பொறு. அமைதியானதும் ஒரு சின்ன இடைவெளி விட்டு, அப்புறம் பேசு.

நல்ல முறைதான். ஆனால் 80 மெகா ஹெர்ட்ஸ் என்பது நாலு 20-களைச் சேர்த்துக் கட்டியது. நாலும் சும்மா இருந்தால்தான் 80-இல் பேச முடியும். நாலில் ஒன்றில் பக்கத்து ரவுட்டர் பேசிக்கொண்டிருந்தாலும், ஒன்று காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அகலத்தைக் குறைத்துக்கொண்டு பேச வேண்டும். அகலமான வண்டிக்குத் தெருவில் எதிரே ஒரு சைக்கிள் வந்தாலும் நிற்க வேண்டியதுதானே! அதைவிடக் கஷ்டம், முக்கியத் தடத்தில் கேட்கும் காது மற்ற மூன்றிலும் அவ்வளவு கூர்மையாகக் கேட்பதில்லை. தூரத்தில் ஒருவர் மெல்லப் பேசுவது தெரியாமல் அவர் மேலேயே இது பேசிவிடும். இரண்டு பேர் செய்தியும் போச்சு. மறுபடியும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. விடுதியில் பக்கத்து பக்கத்தில் நாலு ஆக்சஸ் பாயின்ட். நாலும் ஒரே 80-இல் ஓடினால் முறை வைத்துத்தான் பேசும். 292-ஐ நாலால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 73 மெகாபிட். அதற்குப் பதிலாக அந்த 80-ஐ நாலு 20-ஆகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 65. "அப்பவும் 73 தானே பெரிசு?" என்பீர்கள். காகிதத்தில் பெரிசு. நடப்பில் இல்லை.

ஏன் என்றால், ஒவ்வொரு செய்திப் பொட்டலத்துக்கும் ஒரு முன்செலவு உண்டு. அமைதிக்குக் காத்திருப்பது, குலுக்கல் முறையில் முறை வருவதற்குக் காத்திருப்பது, தலைப்புக் குறிப்பு அனுப்புவது, வந்து சேர்ந்தது என்ற பதிலை வாங்குவது. இவையெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 185 மைக்ரோ விநாடி. 1,500 பைட் உள்ள ஒரு பொட்டலத்தை 20-இல் அனுப்ப 185 மைக்ரோ விநாடி, 80-இல் அனுப்ப 41. முன்செலவையும் கூட்டிப் பாருங்கள். 20-இல் 370, 80-இல் 226. நாலரை மடங்கு வேகம் என்று வாங்கியது, கைக்கு வரும்போது ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. நம்ம பஸ் ஸ்டாண்டில் பார்க்காததா? சேலம் வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏறி இறங்கி டிக்கெட் போடும் நேரம் குறையவா போகிறது?

பெரிய படம் ஒன்றை இறக்கும்போது பல பொட்டலங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புவார்கள். அப்போது முன்செலவு பங்கு பிரிந்து போகும், அகலமும் பலன் தரும். ஆனால் விடுதியில், ஆய்வகத்தில் நடப்பது பெரும்பாலும் சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஆன்லைன் தேர்வில் ஒரு பையன் விடையைத் தொட்டு 'சேமி' என்று அழுத்துவது, வீடியோ அழைப்பில் குரல் போவது, படிவத்தில் ஒரு வரி நிரப்புவது. இவற்றுக்கு வேகத்தை விட முக்கியம், முறை சீக்கிரம் வருவது. தனித்தனித் தடத்தில் வைத்தால் ஓர் அறைத்தொகுதி மற்றதற்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. அத்தோடு 6 டெசிபல் சிக்னலும் மிச்சம்.

தேனியில் கற்ற பாடம்

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நம் தமிழ்நாட்டிலேயே அனுபவம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, மைடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. கிராமத்துக்குத் தொலைபேசியும் 35 அல்லது 70 கிலோபிட் இணையமும் தந்த முறை. இன்றைக்கு அந்த வேகத்தைக் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அதன் அடிப்படையான டெக்ட் தரத்தில் ஓர் அருமையான குணம் உண்டு. மொத்தம் 20 மெகா ஹெர்ட்ஸை 10 தடமாக்கி, ஒவ்வொன்றையும் நேரத்தால் 12 ஆகப் பிரித்து, 120 பேச்சு வழிகள். ஒவ்வொரு கருவியும் எல்லா வழியையும் கேட்டுப் பார்த்து, எது அமைதியாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். இன்று ஒரே ஒரு வைஃபை தடம் எடுத்துக்கொள்ளும் இடத்தில் அன்று 120 பேச்சுக்கு வழி வகுத்திருக்கிறார்கள்!

அடுத்தது தேனி. 2004-ஐ ஒட்டி அரவிந்த் கண் மருத்துவமனை, சிறிய ஊர்களில் கண் பரிசோதனை மையங்கள் திறந்தது. மையத்தில் உட்கார்ந்த நோயாளியை தேனி ஆஸ்பத்திரி டாக்டர் வீடியோவில் பார்த்துப் பேச வேண்டும். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் ப்ரூவர் குழு சாதாரண வைஃபை கருவியையே கோபுரத்தில் ஏற்றி, ஒரே திசை பார்க்கும் ஆன்டெனா வைத்துப் பல கிலோமீட்டர் தூரம் இணைத்துக் கொடுத்தது. பஸ் ஏறி வர வேண்டிய கிராமத்துப் பாட்டி பக்கத்து ஊரிலேயே டாக்டரைப் பார்த்தார்.

அந்தக் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வுகளில் நமக்கு இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, நீண்ட தூர இணைப்புகளில் செய்தி தொலைந்து போவதற்குப் பெரிய காரணம் தூரமோ மழையோ இல்லை. நகரத்துப் பக்கம் இருக்கும் மற்ற வைஃபைகளின் குறுக்கீடுதான். கிராமத்து இணைப்புகளில் இழப்பு குறைவாக இருந்தது. இரண்டாவது, 'முதலில் கேள், பிறகு பேசு' முறையை எடுத்துவிட்டு, இன்ன நேரம் இவன் பேசுவான், இன்ன நேரம் அவன் பேசுவான் என்று முறை வைத்ததும் அதே கருவி இரண்டிலிருந்து ஐந்து மடங்கு செய்தியைக் கொண்டுபோனது. தடத்தை அகலப்படுத்தவில்லை. ஒழுங்குபடுத்தினார்கள், அவ்வளவுதான். கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த பாஸ்கரன் ராமனும் கமேஸ்வரி செப்ரோலுவும் 2005-இலேயே இதன் அடிப்படையைச் சொல்லியிருந்தார்கள். ஒரே கோபுரத்தில் இருக்கும் கருவிகள் எல்லாம் ஒன்றாகப் பேசட்டும், ஒன்றாகக் கேட்கட்டும் என்பது அவர்கள் யோசனை. ஒருவன் கத்தும்போது பக்கத்தில் இருப்பவன் தூரத்துக் குரலைக் கேட்க முடியாதல்லவா?

அகலம் எங்கே சரி?

இவ்வளவும் கேட்டுவிட்டு அகலமே தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் தம்பி ஒருவர் காலையில் டிபன் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்: "அண்ணா, என் வீட்ல 160 வெச்சிருக்கேன், பறக்குது." பறக்கும். ஒரு வீடு, கனமான சுவர், ரவுட்டர் இருக்கும் ஹாலிலேயே டி.வி. அங்கே அகலம் சரி. அவர் பிளாட்டில் மேலும் கீழும் எல்லோரும் 160 வைக்கும் நாளில் மறுபடி கேட்போம். மந்தையில் இருப்பதோ 2 தடம்.

தோட்டத்து வீடும் அப்படித்தான். பாலக்கோடு பக்கம் தக்காளிக் காட்டின் நடுவில் ஒரே வீடு. சுற்றி ரவுட்டரே இல்லை. தாராளமாக 80 வைக்கலாம். வத்தல்மலை, அரூர் பக்கத்துச் சித்தேரி போன்ற மலை ஊர்களுக்குக் கீழிருந்து இணைப்பு கொடுப்பதாக இருந்தால் வேறு கணக்கு. அங்கே குறுக்கீடு குறைவு, ஆனால் தூரமும் மரமும் பகை. 2020-இல் கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் மூடியபோது தமிழ்நாட்டு மலைக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறை மேலும் மரத்தின் மேலும் ஏறி உட்கார்ந்து படித்ததைப் பத்திரிகைகளில் பார்த்தோம். அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது 300 மெகாபிட் இல்லை. அறுந்து போகாத 10 மெகாபிட். அங்கே குறுகிய தடம், நல்ல ஆன்டெனா, நேர்ப் பார்வை, இதுதான் வழி.

புதிய தரங்களும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு வருகின்றன. வைஃபை 6-இல் ஒரு தடத்தைப் பல துண்டாக்கி ஒரே நேரத்தில் பல பேருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம். வைஃபை 7-இல், நாலு 20-இல் ஒன்று கெட்டிருந்தால் அதை மட்டும் விட்டுவிட்டு மீதியில் அனுப்பலாம். 6 கிகா ஹெர்ட்ஸின் 500 மெகா ஹெர்ட்ஸில் 20 அகலத்தில் 24 தடம், 80-இல் 6, 160-இல் 3. ஆனால் 320 வைத்தால் அங்கேயும் ஒன்றுதான். மந்தை எவ்வளவு பெரிசானாலும் ஒருவரே வளைத்தால் முடிந்தது.

நம் விடுதிக்கு என்ன செய்யலாம்?

சங்கத்தின் முன் என் யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, அசையாத கணிப்பொறிக்குக் கம்பியே போடுவோம். ஆய்வகத்து மேஜைக் கம்ப்யூட்டருக்கு வைஃபை எதற்கு? தேர்வு எழுதும் கணிப்பொறி ஒவ்வொன்றுக்கும் கேபிள். குறுக்கீடு என்ற பேச்சே இல்லை. அலை என்பது நடமாடும் கருவிகளுக்கு மிச்சம் வைக்க வேண்டிய பொருள்.

இரண்டாவது, 2.4-இல் எல்லாக் கருவியும் 20 மெகா ஹெர்ட்ஸ்தான். தடம் 1, 6, 11 மட்டும். 3, 4, 9 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்துக்காரனுக்கும் தொல்லை.

மூன்றாவது, 5 கிகா ஹெர்ட்ஸில் விடுதி முழுக்க 20. ஆள் குறைவான மாடியில் 40. பெரிய கூட்ட அரங்கில் தனியாக ஒரே கருவி இருந்தால் அங்கே மட்டும் 80. எல்லாவற்றையும் 'ஆட்டோ' என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒவ்வொரு கருவியும் தனக்கு நல்லது என்று தானே முடிவு செய்தால், யாருக்கும் நல்லதாக இராது.

நான்காவது, பெரிய சக்தியுள்ள இரண்டு கருவியை விட, சக்தியைக் குறைத்து வைத்த ஆறு கருவி மேல். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்து, தெருவுக்கு ஒன்று வைக்கிற மாதிரி. கொட்டேஷனில் உள்ள விலை உயர்ந்த 160 கருவிக்குப் பதில் சாதாரணக் கருவிகளை எண்ணிக்கையில் கூட்டி வாங்கலாம்.

ஐந்தாவது, மாலை ஏழு மணிக்கு மேல் போய் அளந்து பார்க்க வேண்டும். பகல் பதினொரு மணிக்கு ஆளில்லாத விடுதியில் வேகம் காட்டி ரசீதில் கையெழுத்து வாங்குவது சுலபம். பையன்கள் எல்லாம் அறைக்கு வந்து, ஆளாளுக்கு ஹாட்ஸ்பாட் போட்ட பிறகு, கடைசி அறையில் நின்று அளக்க வேண்டும். ரவுட்டருக்குக் கீழே நின்று எடுத்த எண் நமக்கு வேண்டாம். கடைசி அறையில் வரும் எண்தான் நாம் தரும் பரிசின் மதிப்பு.

ஆறாவது, எந்தக் கருவி எந்தத் தடத்தில் என்று ஒரு வரைபடம் வரைந்து விடுதிச் சுவரில் மாட்ட வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் துறை மாணவர்கள் நாலு பேரிடம் பொறுப்பைக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து, மாற்றி எழுதட்டும். வகுப்பில் படிக்கும் ஷானன் சூத்திரம் சொந்த விடுதியில் வேலை செய்வதை அவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். அதைவிட நல்ல செய்முறைப் பாடம் உண்டா?

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த விடுதியில் இருப்பவர்களில் பலர் பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து வந்தவர்கள். பல வீடுகளில் முதல் பட்டதாரி. வேலைக்கு மனுப் போடுவது, நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி, நேர்முகத் தேர்வு, உதவித்தொகைப் படிவம், எல்லாமே இன்று இணையத்தின் வழியாகத்தான். ரவுட்டர் பக்கத்து அறை கிடைத்தவனுக்கு 300, கடைசி அறை கிடைத்தவனுக்குப் பூஜ்யம் என்றால், நாம் கொடுத்த வசதியே அவர்களுக்குள் ஒரு மேடு பள்ளத்தை உண்டாக்கிவிடும். எல்லா அறைக்கும் சீராக 20 மெகாபிட் போய்ச் சேர்ந்தால் அதுதான் வெற்றி. மேட்டு வயல்காரனும் கடைமடைக்காரனும் ஒரே வாய்க்காலை நம்பி வாழும் ஊர்க்காரர்கள் நாம். முறைத் தண்ணீர் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கொட்டேஷன்களைத் திருப்பி அனுப்பி, இந்த ஆறு விஷயத்தையும் நிபந்தனையாகச் சேர்த்துப் புதிதாகக் கேட்க வேண்டும் என்று பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மாலை நேர அளவு எடுக்கும் அன்று ஏணியும் மீட்டரும் தூக்கிக்கொண்டு வர நான் தயார். கூட வர நினைக்கும் நண்பர்கள் சாப்பாட்டு இடைவேளையில் பெயர் கொடுங்கள்.